ஐசர்மேனை அனுப்பச் சொல்லாதீர்கள், மாறச் சொல்லுங்கள்

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்
மே 2025

அன்புள்ள ரசிகர்களே, வணக்கம்.

2024-25 பருவத்திலும் என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில் நம் அணி பிளே-ஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளுக்கு, போகவில்லை. தொடர்ந்து ஒன்பதாவது முறை. 1991 முதல் 2016 வரை 25 பருவம் ஒன்றுவிடாமல் பிளே-ஆஃப் ஆடிய அணி இது என்று நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த எரிச்சல் எல்லாம் இப்போது நம் முன்னாள் கேப்டன், இன்று ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர் ஸ்டீவ் ஐசர்மேன் தலையில்தான் விழுகிறது. 'ஆளை மாற்று' என்கிறது ஒரு கூட்டம். 'அவர் நம்ம கேப்டன், ஒரு வார்த்தை சொல்லாதே' என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேரிடமும் கொஞ்சம் பேச வேண்டும்.

அணிகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1983-இல் நம் அணி ஆசைப்பட்டது இவருக்கே இல்லை. உள்ளூரில் வளர்ந்த பேட் லஃபான்டேனுக்காகக் காத்திருந்தார்கள். மூன்றாவது ஆளாக அவரை நியூயார்க் ஐலண்டர்ஸ் கொத்திக்கொண்டு போய்விட்டது. நான்காவதாக நமக்குக் கிடைத்த 18 வயதுப் பையன்தான் ஐசர்மேன். அணியை 'டெட் விங்ஸ்' (செத்த விங்ஸ்) என்று ஊரே கேலி செய்த காலம் அது. 21 வயதில் கேப்டன் ஆனார். 2006-இல் ஓய்வு பெறும்வரை கேப்டனைக் குறிக்கும் அந்த 'சி' எழுத்து அவர் சட்டையை விட்டு இறங்கவில்லை. 1514 ஆட்டம், 692 கோல், 1063 அசிஸ்ட் (கோலுக்கு வழி செய்த பாஸ்).

1988-89 பருவத்தில் மட்டும் 65 கோலும் 90 அசிஸ்ட்டும் சேர்த்து 155 புள்ளி எடுத்தார். அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? ஆனாலும் லீக்கின் ஸ்டான்லி கோப்பை வரவில்லை. 1993-இல் பயிற்சியாளராக ஸ்காட்டி போமன் வந்தார். கோல் அடிப்பது போதும், திரும்பி ஓடி வந்து தடு என்றார். ஆறு வருடம் தொடர்ந்து 100 புள்ளிக்கு மேல் எடுத்த ஆளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? 1995 இறுதிச் சுற்றில் நியூ ஜெர்சியிடம் நான்கு ஆட்டமும் தோற்றோம். அவரை ஒட்டாவாவுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்ற பேச்சும் கிளம்பியது. அந்த அக்டோபரில் சொந்த ஊரில் நடந்த முதல் ஆட்டத்தில் அவர் பெயரை அறிவித்ததும் ஜோ லூயிஸ் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. போமன் பெயருக்குக் கிடைத்தது கூச்சல்தான்.

ஆனால் போமன் சொன்னதை ஐசர்மேன் கேட்டார். அதற்கப்புறம் ஒரு பருவத்தில்கூட அவர் 100 புள்ளியைத் தொடவில்லை. 1997-இல் கோப்பை வந்தது, 42 வருடத்துக்குப் பிறகு. அடுத்த வருடமும் வந்தது. லிமோசின் விபத்தில் நடக்க முடியாமல் போன சக ஆட்டக்காரர் விளாடிமிர் கான்ஸ்டான்டினோவைச் சக்கர நாற்காலியில் பனித்தளத்துக்கே கொண்டுவந்தார்கள். கையில் வாங்கிய கோப்பையை ஐசர்மேன் நேரே அவர் மடியில் வைத்தார். இன்றைக்கும் அந்தக் காட்சியைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

2002-ஐ நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். வலது முழங்கால் கிட்டத்தட்ட போய்விட்டது. கீழே விழுந்தால் மட்டையைத் தளத்தில் ஊன்றி, அதன்மேல் பாரம் போட்டுத்தான் எழுவார். எழுந்ததும் மறுபடி ஓடுவார். அந்த பிளே-ஆஃபில் 23 ஆட்டத்தில் 23 புள்ளி. கோப்பையை வென்ற பிறகு எலும்பை வெட்டிச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்குப் போனார். இப்படிப்பட்ட மனிதரைச் சோம்பேறி என்றும் அக்கறை இல்லாதவர் என்றும் திட்டாதீர்கள். அது பொய்.

சரி, இனி இரண்டாவது கூட்டத்துக்கு. ஆட்டக்காரராகச் சேர்த்த புண்ணியத்தை மேலாளர் கணக்கில் வரவு வைக்க முடியாது. அந்த வேலையை அதற்கான கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

2010-இல் டாம்பா பே அணிக்கு மேலாளராகப் போனார். 2011 டிராஃப்டில் 58-ஆவதாக நிகிதா குச்செரோவ், 208-ஆவதாக ஒன்ட்ரே பலாட். 2014-இல் 79-ஆவதாக பிரேடன் பாயின்ட். மற்றவர்கள் தாண்டிப் போன பெயர்களை அள்ளி எடுத்தார். 2013-இல் ஜான் கூப்பரைப் பயிற்சியாளர் ஆக்கினார். 2015-இல் இறுதிச் சுற்று வரை போய், சிகாகோவிடம் தோற்றார்கள். 2018-இல் பொறுப்பை ஜூலியன் பிரீஸ்பாயிடம் விட்டு விலகினார். 2020, 2021 இரண்டு வருடமும் கோப்பை டாம்பாவுக்கு.

அந்த அணியைக் கட்டியவர் ஐசர்மேன், சந்தேகமே இல்லை. ஆனால் 2020 பிப்ரவரியில் டிராஃப்டின் முதல் சுற்றில் ஆள் எடுக்கும் உரிமைகளைக் கொடுத்து பிளேக் கோல்மேன், பார்க்லே குட்ரோ என்ற ஆட்டக்காரர்களை வாங்கியது பிரீஸ்பாய். நாளைக்கு வைத்திருந்ததை இன்றைக்குச் செலவழிக்கும் அந்தத் துணிச்சல்தான் டெட்ராய்ட்டில் இன்னும் காணோம்.

2019-இல் நம்மிடம் திரும்பி வந்தபோது வீடு காலியாகக் கிடந்தது. முதல் பருவத்தில் லீக் பட்டியலில் அணிக்கு 71 ஆட்டத்தில் 39 புள்ளிதான். கடைசி இடத்தில் முடித்தவருக்கே முதலில் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம் என்றாலும், டிராஃப்ட் வரிசைக்கான குலுக்கலில் நான்காவது இடத்துக்குத் தள்ளப்பட்டோம். 1983-இல் அவர் வந்த அதே நான்கு! அதில் கிடைத்தவர் லூகாஸ் ரேமண்ட். அதற்கு முந்தைய வருடம் ஆறாவதாக மோரிட்ஸ் சைடர் பெயரைச் சொன்னபோது அந்தப் பையன் முகத்திலேயே திகைப்பு தெரிந்தது. 2022-இல் சிறந்த புதுமுகத்துக்கான விருது அவருக்கு. ஆட்களைக் கண்டுபிடிக்கும் கண் இன்னும் மங்கவில்லை.

மற்றபடி? 2024-இல் நம் தடுப்பாட்டக்காரர் ஜேக் வால்மேனை சான் ஹோசேவுக்கு அனுப்பினார். பதிலுக்கு எதுவும் வாங்கவில்லை, கூடவே ஒரு இரண்டாம் சுற்று உரிமையையும் கொடுத்தார். ஒன்பது மாதத்தில் அதே வால்மேனை எட்மன்டனுக்கு விற்று சான் ஹோசே ஒரு முதல் சுற்று உரிமை வாங்கியது. இதற்கு எந்த ரசிகனும் நியாயம் சொல்ல முடியாது. 2024 ஏப்ரலில் வாஷிங்டனும் நாமும் தலா 91 புள்ளி, சமநிலையைத் தீர்க்கும் டை-பிரேக் விதியில் வெளியே போனோம். அவ்வளவு நெருங்கியும் அடுத்த மார்ச்சில், மாற்று கோல்காப்பாளருக்கு மேல் பெரிதாக யாரையும் கொண்டுவரவில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றுதான். 28 வயதில், உச்சத்தில் இருந்தபோது, தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டவர் அவர். அறுபதிலும் அவரால் முடியும். இந்தக் கோடையில் முதல் சுற்று உரிமைகளில் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று கேளுங்கள். சைடரும் ரேமண்டும் இளமையாக இருக்கும்போதே பக்கத்தில் யாரை நிறுத்தப் போகிறார் என்று கேளுங்கள். வால்மேன் விஷயத்தில் என்ன நடந்தது என்று வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள். கூச்சல் வேண்டாம், கும்பிடும் வேண்டாம். 1995 அக்டோபரில் அவருக்காக எழுந்து நின்றவர்களுக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்