பாத உறையைத் தரையில் தேய்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே, விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் ஸ்கைடைவிங் பழகும் நம் மாவட்டத்து இளைஞர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்து மகிழ்ந்தேன். ஆனால் கட்டுரையோடு வந்த படத்தில் ஒருவர், குதித்து முடித்த பிறகும் பாத உறையைக் கழற்றாமல் தார்த்தளத்தில் நடந்து வருகிறார். துபாயில் பல ஆண்டுகள் இந்த உடைகளுக்கு ஒட்டுப் போட்டுவிட்டு, இப்போது தக்கலையில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு அதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

வானில் குழுவாகக் கைகோத்து உருவங்கள் அமைப்பவர்களின் உடை கணுக்காலோடு முடிவதில்லை. ஷூவின் மேற்புறத்தை மூடியபடி பாதம் வரை நீண்டு, உள்ளங்காலுக்கு அடியில் ஒரு பட்டையால் நிற்கும். இந்தப் பாத உறையைத்தான் ஆங்கிலத்தில் 'பூட்டி' (bootie) என்பார்கள். மணிக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வேகத்தில் குப்புற விழும்போது, காலால் காற்றைத் தள்ளுவதற்குக் கூடுதல் பரப்பு இதனால்தான் கிடைக்கிறது. நால்வர் போட்டியில் 35 வினாடிக்குள் எத்தனை உருவங்கள் என்பதே கணக்கு. அதில் முன்னே நகர்வதற்கும் திரும்புவதற்கும் கால்களை நம்பித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கத்துப் பட்டை அறுந்து உறை நழுவினால், அந்தக் காலின் பிடிப்புக் குறைந்து உடல் தானாகத் திரும்பத் தொடங்கும்.

காற்று இந்தத் துணியை அவ்வளவாகத் தேய்ப்பதில்லை, தரைதான் தேய்க்கிறது. கட்டைவிரல் முனையில்தான் பெரும்பாலும் முதல் ஓட்டை விழும். விமானக் கதவோரம் மண்டியிடும்போது அந்த முனை உலோகத்தில் உரசுகிறது. சறுக்கியபடி இறங்கினால் மணலில் இழுபடுகிறது. இவற்றைவிட மோசமானது, சக்கரப் பலகையில் குப்புறப் படுத்துச் செய்யும் ஒத்திகை. கால்விரலால் சிமென்ட் தரையை உந்தி உந்தி நகர்வார்கள். துணி அரத்தில் வைத்து ராவியதைப் போல ஆகிவிடும். ஒத்திகைக்குப் பழைய கால்சட்டை போதும். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு உறையை மாட்டுங்கள். தரையில் நின்றதும், பாராசூட்டைச் சேர்த்து அள்ளுவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். பாராசூட் விரிந்ததும் வானிலேயே கழற்றுபவர்களும் இருக்கிறார்கள். புதியவர்கள் பயிற்சியாளரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது.

முனையில் இழை வெளுத்துத் தெரியத் தொடங்கும்போதே ஒட்டுப் போட்டுவிட வேண்டும். ஓட்டை பெரிதான பிறகு கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம். நான் கோர்டுரா என்ற உறுதியான நைலான் துணியை முட்டை வடிவில் வெட்டி, ஓரத்தை மெழுகுவர்த்திச் சுடரில் லேசாகக் காட்டி உருக்கிக்கொள்வேன். இல்லையேல் இழை பிரிந்துகொண்டே போகும். மூலை வைத்து வெட்டிய ஒட்டு அந்த மூலையில்தான் முதலில் கிளம்பும். நூல் நைலானாகவோ பாலியெஸ்டராகவோ இருக்க வேண்டும்; பருத்தி நூல் இந்த உரசலைத் தாங்காது. குளச்சல், முட்டம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் தங்கூசியால் (தூண்டிலில் கட்டும் ஒற்றை இழை நரம்பு) தாங்களே தைத்துக்கொண்டு வருகிறார்கள். மீன்பிடிக்க அது அருமையான பொருள். துணியிலோ அது விறைத்து நின்று, ஊசித் துளையை அறுத்து அறுத்துப் பெரிதாக்கிவிடுகிறது. குலசேகரம் பக்கமிருந்து ஒருவர் ரப்பர் ஷீட்டை வெட்டி அடியில் ஒட்டியிருந்தார். கந்தகம் சேர்த்துச் சூடாக்காத ரப்பர் அது. வெயிலில் பிசுபிசுத்து மணலையெல்லாம் வாரி வைத்திருந்தது. நொடியில் ஒட்டும் சொட்டுப் பசையும் வேண்டாம். காய்ந்ததும் இறுகி, மடிப்பில் வெடித்துவிடும். ஷூவுக்கென்று விற்கும் நெகிழ்வான பசையை ஒட்டின் ஓரத்தில் மெல்லத் தடவலாம். டேப் சுற்றுவது அன்றைய நாளுக்கு உதவும். பிறகு அதன் பசை துணியிலேயே தங்கி, தைக்கும்போது ஊசியைப் பிடித்துக்கொள்ளும்.

துவைக்கும்போது மென்மையான சோப்பு போதும், நிழலில் உலர்த்துங்கள். வெயில் நைலானை நைந்துபோகச் செய்யும். ஜிப்பில் சிக்கிய மணலைப் பழைய பல் துலக்கியால் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை ஒரு முறை தேய்த்தால் சீராக ஓடும்.

இந்த உடை அவரவர் உடலளவுக்கே தைக்கப்படுவது, விலையும் குறைவல்ல. தோளும் கையும் புத்தம் புதிதாக இருக்க, பாத முனை கிழிந்த ஒரே காரணத்துக்காக முழு உடையையும் மூலையில் போட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். வெளிநாட்டில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அப்படிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. சாகச விளையாட்டுகளைப் பற்றி எழுதும்போது, கருவிகளையும் உடைகளையும் பேணுவது பற்றியும் சில வரிகள் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக உடை தைக்கக் கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அளவு கொடுக்கும்போதே முனைக்கு இரட்டைத் துணியும், கழற்றி மாற்றக்கூடிய அடிப்பட்டையும் கேட்டு வாங்குங்கள். மிச்சத் துணியில் ஒரு கைக்குட்டை அளவு கேட்டுப் பெற்றுப் பெட்டியில் வையுங்கள். ஒட்டுப் போடும் நாளில் அதே நிறத்துக்காகக் கடை கடையாக அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தையல் தொழிலாளி ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.