அழுகைப் பாட்டு இல்லை, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அமெரிக்காவில் மெம்பிஸ் பீல் தெருவில், இசையமைப்பாளர் ஹேண்டி சிலைக்குப் பக்கத்தில் நின்று நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இளைச்சுப் போயிட்டா" என்றாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் ஆயுசுக்கும் பார்க்க முடியாத தெருவில் என் பிள்ளை நிற்கிறாள்.

நான் கேட்கச் சொன்ன புளூஸ் பாட்டுகளை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டுகளை, பற்றிப் போனில் நீ கேட்டது நினைவிலேயே இருக்கிறது. "காதல் பாட்டுன்னு சொன்னீங்க, எல்லாம் விட்டுட்டுப் போனதைச் சொல்லி அழற பாட்டா இருக்கேப்பா?" அன்றைக்கு லைன் சரியில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த ஹேண்டி 1914-இல் வெளியிட்ட 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' பாட்டையே எடுத்துக்கொள். இளவயதில் கையில் காசில்லாமல் செயின்ட் லூயிஸில் திரிந்தபோது, தெருவில் தள்ளாடிக்கொண்டு போன ஒரு பெண், தன் புருஷனின் மனசு கடலில் எறிந்த கல் என்று புலம்பியதை அவர் கேட்டிருக்கிறார். ஏறக்குறைய இருபது வருஷம் அதை மனதில் வைத்திருந்து பாட்டில் சேர்த்தார்.

1925-இல் பெஸ்ஸி ஸ்மித் பாடிய பதிவைக் கேள். மொத்தம் மூன்றே பேர். பெஸ்ஸியின் குரல், லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ஊதும் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி), ஃபிரெட் லாங்ஷாவின் ஆர்மோனியம். ஆமாம், ஆர்மோனியம்! திருவிழா நாடகத்தில் தாத்தா உன்னைத் தோளில் தூக்கிக் காட்டிய கால் ஆர்மோனியம் ஞாபகம் இருக்கிறதா? அதே துருத்தி மூச்சு. பெஸ்ஸி ஒரு வரி பாடி நிறுத்துவார். கதை கேட்கிற பிள்ளை உம் கொட்டுவது போலக் கார்னெட் உள்ளே வரும். சரி, மேலே சொல்லு என்கிற மாதிரி இருக்கும்.

புளூஸில் பெரும்பாலும் மூன்று வரிதான் ஒரு கண்ணி. முதல் வரியையே திரும்பவும் பாடிவிட்டு, மூன்றாவதில் முடிப்பார்கள். நீ பாட்டு வகுப்பில் ஒரே வரியை விதவிதமாகப் பாடிச் சங்கதி போட்டுப் பழகியவள், உனக்கு இது புரியும். முதல் தடவை பாடும்போது நமக்குச் சேதி தெரிகிறது. இரண்டாம் தடவை பாடும்போதுதான் பாடுகிறவளுக்கே அது உறைக்கிறது. 'க' ஸ்வரத்தின் இரண்டு நிலைகளான சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் குரல் வழுக்கி நிற்கும் ஒரு இடம் வரும், பார். எனக்கு அங்கேதான் தொண்டை அடைக்கும்.

ஆனால் அதை அழுகை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்தப் பாட்டுக்காரர்களின் தாத்தா பாட்டி அடிமைகளாக இருந்த காலத்தில், 1865 வரைக்கும், புருஷனை ஒரு பக்கமும் பெண்டாட்டியை இன்னொரு பக்கமும் முதலாளி விற்றுவிடலாம். கேட்க நாதி கிடையாது. அந்த வம்சத்தில் வந்த ஒருத்தி மேடையேறி, போனவன் என் ஆள், எனக்கு அவன் வேண்டும் என்று தன் வாயால் பாடுகிறாள். இதைவிடப் பெரிய காதல் பாட்டு எது?

சந்தோஷமும் உண்டு. எட்டா ஜேம்ஸ் 1960-இல் பாடிய 'அட் லாஸ்ட்' கேள். 1941-இல் சினிமாவுக்காக எழுதிய பாட்டு அது, புளூஸ் அமைப்பே கிடையாது. ஆனால் வயலின்களுக்கு நடுவே வரும் அந்த 22 வயதுக் குரலில், காத்திருந்து ஓய்ந்த களைப்பு முழுக்க இருக்கிறது. சந்தோஷத்தைப் பாடும்போதும் பட்ட கஷ்டத்தை அது மறைக்கவில்லை.

அப்புறம் உங்கள் ஊர் கிதார்காரர் பி.பி. கிங். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டினால் அர்கான்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்று ஒரு சின்ன ஊர். 1949 குளிர்காலத்தில் அங்கே அவர் வாசித்துக்கொண்டிருந்த கூடத்தில் இரண்டு பேர் கட்டிப் புரண்டதில், குளிருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த பீப்பாய் சாய்ந்து இடமே பற்றிக்கொண்டது. வெளியே ஓடி வந்தவர், கிதாரை விட்டுவிட்டோமே என்று மறுபடி நெருப்புக்குள் நுழைந்து எடுத்து வந்தார். சண்டை லூசில் என்ற பெண்ணுக்காக என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து அவர் கிதாருக்கெல்லாம் லூசில்தான் பெயர். அவர் பாடும்போது லூசில் பேசாது. லூசில் பேசும்போது அவர் வாய் திறக்க மாட்டார். 1969-இல் பதிவான 'தி த்ரில் இஸ் கான்' கேட்டால் தெரியும்.

ஒன்றே ஒன்று பாக்கி. ராபர்ட் ஜான்சன் 1937-இல் டல்லஸில் பதிவு செய்த 'லவ் இன் வெய்ன்'. அடுத்த வருஷமே, 27 வயதில், போய்விட்டார். பாட்டில் ஒருவன் கையில் பெட்டியோடு அவள் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போகிறான். ரயில் கிளம்புகிறது. பின்னால் இரண்டு விளக்கு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. அவ்வளவுதான் கதை.

நீ முதல் தடவை கிளம்பிய அன்று மதுரை ஜங்ஷனில் உன் பெட்டியைத் தூக்கி வந்தது நான்தான். பாண்டியன் எக்ஸ்பிரஸ் நகர்ந்ததும் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறிவிட்டாள். கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறையும் வரை நான் பிளாட்பாரத்திலேயே நின்றேன். உன்னிடம் இதைச் சொன்னதில்லை.

இந்தப் பாட்டை ராத்திரி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா