உனக்கு விடை தெரியாத கேள்விகளைக் கேள்: ஆங்கில ஆசிரியையாகும் அண்ணன் மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன் மகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கு யாவரும் நலம்; உன் நலமறிய ஆவல். இந்த ஜூன் முதல் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கப் போகிறாய் என்று அண்ணன் சொன்னதும் மனம் நிறைந்துபோயிற்று. முதல் பருவத்துக்கென்று நீ தயாரித்த வீட்டுப்பாடப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “எப்படி இருக்கிறது, அத்தை?” என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்கும் விஷயமாக இது எனக்குத் தோன்றவில்லை. பெங்களூரில் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் இதே மாதத்தில் இதே வேலையைத் தொடங்கும் இளம் ஆசிரியைகள் பலர் இருப்பார்கள் என்பதால், உன் சம்மதத்தோடு எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

பட்டியல் ஒழுங்காக இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் அருஞ்சொற்பொருள், ஐந்து கேள்வி பதில், கோடிட்ட இடங்கள், மாதம் ஒரு கட்டுரை, பருவத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம் என்று வைத்திருக்கிறாய். எந்தத் தலைமையாசிரியையும் இதைக் குறை சொல்ல மாட்டார். எனக்கு இருக்கும் குறை ஒன்றுதான். இதில் உள்ள எந்தக் கேள்விக்கும் விடை உனக்கு முன்கூட்டியே தெரியும். உனக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குச் சொல்வதற்குப் பிள்ளையிடம் புதிதாக எதுவும் இருக்காது. அதனால் அது கைடைப் பார்க்கும், அண்ணனைக் கேட்கும், பக்கத்து நோட்டைப் பார்க்கும். இப்போது அம்மாவின் போனில் உள்ள செயலியையும் கேட்கும். இதையெல்லாம் சோம்பேறித்தனம் என்று திட்டுவது எனக்கு எப்போதும் நியாயமாகப் பட்டதில்லை.

பாடக் கேள்விகளுக்கு ஒரு பிள்ளை எப்படிப் பதில் எழுதுகிறது என்பதை அருகில் நின்று ஒருமுறை கவனித்துப் பார். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்ளும். பாடத்தில் அந்தச் சொல் வரும் வரியை விரலால் தேடும். கிடைத்ததும் அங்கிருந்து முற்றுப்புள்ளி வரை அப்படியே இறக்கி வைக்கும். இதற்கு ஆங்கிலம் புரியவே வேண்டியதில்லை. தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம்: “சிமிலி நேற்று தொங்கரையில் பறுக்கியது” என்று பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, “சிமிலி எங்கே பறுக்கியது?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “தொங்கரையில்” என்று சரியாகச் சொல்லிவிடும். நாம் போடும் மதிப்பெண்களில் பாதி இப்படிப்பட்ட விடைகளுக்குத்தான் போகிறது.

பத்தி பத்தியாக எழுந்து நின்று உரக்க வாசிக்கச் செய்வதும் அப்படித்தான். தன் முறை வருமுன் பிள்ளை முன்வரிசைத் தலைகளை எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கணக்குப் போட்டு, அந்த நான்கு வரிகளை மட்டும் உதட்டுக்குள் பழகிக்கொண்டிருக்கும். வாசித்து முடித்து உட்கார்ந்ததும் அன்றைய பாடம் அதற்கு முடிந்துவிடும். கதையில் என்ன நடந்தது என்பது கடைசி பெஞ்சு வரை யாருக்கும் தெரியாமலே மணி அடித்துவிடும். உரக்க வாசிப்பதை விட்டுவிடு என்று சொல்லவில்லை. கதையை முதல் முறை வகுப்புக்கு நீயே வாசித்துக் காட்டு என்கிறேன். நல்ல குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று அவர்கள் தவிக்கும்படி வாசி.

இந்தச் சிக்கலை நம் ஊரை வைத்தே ஆழமாக எண்ணிப் பார்த்த ஒருவர் உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில ஊர்களிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு கற்பித்தல் முயற்சியை நடத்தினார். உலகெங்கும் மொழி ஆசிரியர்கள் இன்றும் அதைப் பெங்களூர் புராஜெக்ட் என்றே குறிப்பிடுகிறார்கள். உன் பி.எட். பாடத்தில் அது ஒரு வரியோடு முடிந்திருக்கக் கூடும். ஆனால் அதன் நடைமுறையை விரிவாக அறிந்துகொள்வது உனக்கு மிகவும் பயன்படும். வகுப்பில் ரயில் கால அட்டவணையையோ ஒரு வரைபடத்தையோ வைத்து, ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டுக் கூட்டிச் செல்வார். பிறகு அதேபோன்ற இன்னொரு வேலையைப் பிள்ளைகள் தனித்தனியாகச் செய்வார்கள். இலக்கணம் சரியா என்று பார்த்து மதிப்பிடுவதில்லை. கேட்ட காரியத்தைச் சரியாகச் செய்தார்களா என்பதே அளவுகோல். எண்ணம் பொருளின் மீது குவிந்திருக்கும்போதுதான் மொழியின் இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவருடைய நம்பிக்கை. வகுப்பில் ஏறத்தாழப் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது செய்ய முடிந்தால் அந்த வேலை சரியான கடினத்தில் இருக்கிறது என்று ஓர் அளவையும் அவர் வைத்திருந்தார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இதைவிடக் கைக்கு எளிதான அளவு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளைக் குழுவாகப் பேசவிடுவதை மட்டும் அவர் அதிகம் ஊக்குவிக்கவில்லை. ஒருவரின் அரைகுறை ஆங்கிலம் மற்றவரிடம் படிந்துவிடும் என்று கருதினார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வகுப்பின் முன் எழுந்து நிற்க அஞ்சும் பெண்பிள்ளை பக்கத்துத் தோழியிடம் முதலில் சொல்லிப் பார்த்தபின் எழுதுவதை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

உன் வகுப்புக்கு ஒரு வேலையை நானே சொல்கிறேன். மெட்ரோ வரைபடத்தைக் கரும்பலகையில் ஒட்டு. அல்சூரில் இருக்கும் ஒரு சித்தி, முழங்கால் வலியுள்ள பாட்டியையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு, ஸ்ரீராமபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காலை 10 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஊதா வழித்தடத்தில் ஏறினால் மெஜஸ்டிக்கில் இறங்கிப் பச்சை வழித்தடத்துக்கு மாற வேண்டும். பஸ்ஸில் போனால், பெண்களுக்கென்று 2023இல் வந்த சக்தி திட்டத்தின்படி சாதாரணப் பேருந்துகளில் இருவருக்கும் கட்டணம் இல்லை. ஆட்டோவில் போனால் வாசலில் இறங்கலாம், ஆனால் காசு. சித்திக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், ஏன் சொல்வீர்கள், எட்டு வரியில் எழுதுங்கள் என்று கேள். 45 நோட்டில் 45 விதமான வாதம் வரும். பஸ் படியில் பாட்டியால் ஏற முடியாது என்று ஒரு பிள்ளை எழுதும். ஆட்டோக்காரர் மீட்டர் போட மாட்டார் என்று இன்னொன்று எழுதும். “பிகாஸ்”, “பட்”, “இஃப்” எல்லாம் பயிற்சித் தாள் இல்லாமலே அவர்களுக்குத் தேவைப்படும். இந்த விடைகளைப் படிக்க உனக்கும் ஆசையாக இருக்கும். அதை அவர்கள் உன் முகத்தில் கண்டுகொள்வார்கள்.

கட்டுரைத் தலைப்புகளைப் பற்றி. கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்ற தலைப்பைத் தயவுசெய்து எடுத்துவிடு. எங்கும் போகாத பிள்ளைகள் உன் வகுப்பில் பாதி இருப்பார்கள். அவர்கள் ஊட்டிக்குப் போனதாகப் பொய் எழுதுவதைப் பார்ப்பது எனக்கு என்றுமே வேதனையாக இருந்தது. அதற்குப் பதிலாக வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம் ஐந்து கேள்வி கேட்டு வரச் சொல். வீட்டில் தமிழில் கேட்கட்டும், தமிழிலேயே குறித்துக்கொள்ளட்டும், வகுப்பில் ஆங்கிலத்தில் எழுதட்டும். கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் உன் வகுப்பில் நிச்சயம் இருப்பார்கள். 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின் தினமும் ரயிலேறி இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவர்களும், குடும்பத்தோடு இங்கேயே குடியேறியவர்களும் ஏராளம். தாத்தா சுரங்கத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கினார், என்ன சாப்பாடு எடுத்துப் போனார், பாட்டி அவர் வரும்வரை என்ன செய்தார் என்பதை எந்தக் கைடும் சொல்லாது, எந்தச் செயலியும் சொல்லாது. வீட்டுத் தமிழ் ஆங்கிலத்துக்குத் தடை என்று பெற்றோரிடம் சொல்லும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நீ ஒருபோதும் பேசாதே. பிள்ளையிடம் சொல்வதற்கு இருக்கும் செய்தியெல்லாம் தமிழில்தான் சேர்ந்திருக்கிறது.

திருத்துவது எப்படி என்றும் கேட்டிருந்தாய். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்: “மை பாட்டி டிட் நாட் வென்ட் டு ஸ்கூல் பிகாஸ் ஷீ கேரி வாட்டர்.” சிவப்புப் பேனா உடனே இரண்டு இடத்தில் இறங்கத் துடிக்கும். முதலில் ஓரத்தில், “தண்ணீர் எங்கிருந்து? எவ்வளவு தூரம்? பாட்டிக்கு அப்போது என்ன வயது?” என்று ஆங்கிலத்தில் எழுது. பிள்ளை போய்க் கேட்டு வந்து இன்னும் மூன்று வரி சேர்க்கும். இரண்டாம் முறை நோட்டு வரும்போது, “டிட்” வந்தபின் வினைச்சொல் “கோ” என்றே நிற்கும் என்ற ஒன்றை மட்டும் திருத்து. “கேரி” அடுத்த வாரத்துக்குக் காத்திருக்கலாம். “ஏ”, “தி” போன்றவை தமிழில் இல்லாததால் நம் பிள்ளைகள் அவற்றை விட்டுவிட்டே எழுதுவார்கள். நிறைய வாசித்தால்தான் அந்தப் பழக்கம் மெல்ல மாறும், விதியைச் சொல்லி அடித்து மாற்ற முடியாது. ஒரே பக்கத்தில் இருபது சிவப்பு வட்டங்களைப் பார்க்கும் பிள்ளை அடுத்த முறை மூன்று வரிதான் எழுதும், அதுவும் தவறே வராத மூன்று வரி.

உன் நேரத்தையும் நினைத்துப் பார். வகுப்புக்கு 45 பேர், இரண்டு வகுப்புகள். நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு நாலரை மணி நேரம் ஆகும். எல்லா நோட்டையும் ஒரே நாளில் வாங்காதே. ஒவ்வொரு வகுப்பிலும் நாளுக்கு ஒன்பது நோட்டு வாங்கினால் ஐந்து நாளில் வகுப்பு முடியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு நாள் உன் முழுக் கவனமும் கிடைக்கும்.

வாசிப்புக்கு உன் பட்டியலில் இடமே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பாடநூலில் உள்ள சில கதைகளை மட்டும் வைத்து யாரும் ஒரு மொழியைக் கற்றுவிட முடியாது. வாரத்தில் மூன்று நாள், வகுப்பின் முதல் இருபது நிமிடம், ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த புத்தகத்தை மௌனமாக வாசிக்கட்டும். நீயும் அவர்களோடு உட்கார்ந்து வாசி, அந்த நேரத்தில் நோட்டுத் திருத்தாதே. புத்தகத்துக்கு எங்கே போவது என்பாய். 2004இல் நம் ஊரில் தொடங்கிய பிரதம் புக்ஸின் விலை குறைவான படக்கதைகள் இருக்கின்றன. அவர்கள் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இலவசமாகவே கிடைக்கிறது, வாசிப்பு நிலை குறித்து அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். முதலில் தமிழில் வாசித்துவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் வாசிக்கும் பிள்ளையைக் குறுக்கு வழியில் போகிறது என்று தடுக்காதே. கதை தெரிந்தபின் அதன் கவனம் முழுவதும் வாக்கியத்தின் மீது இருக்கும். சர்ச் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளில் சிறுவர் நூல்கள் மலிவாகக் கிடைக்கும். ஒரு பெட்டி நிறைய நானே வாங்கித் தருகிறேன்.

வாசித்ததைப் பற்றித் தேர்வு வைக்காதே. வாரம் ஒருமுறை, தான் வாசித்த புத்தகத்தைப் பற்றி உனக்கு ஒரு கடிதம் எழுதட்டும். நீ அதே நோட்டில் இரண்டு வரி பதில் எழுது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருந்த நான்சி ஆட்வெல் இந்த வழக்கத்தைத் தன் வகுப்பில் வேரூன்றச் செய்து, 1987இல் அதைப் பற்றி எழுதினார். 2015இல் முதல் உலக ஆசிரியர் விருது அவருக்குத்தான் கிடைத்தது. முதல் சில வாரங்கள் கதைச் சுருக்கம்தான் வரும், பொறுத்துக்கொள். “இந்தப் பையன் ஏன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று எனக்கும் புரியவில்லை, உனக்கு என்ன தோன்றுகிறது?” என்று நீ மெய்யாகவே கேட்டால், அடுத்த வாரம் பதில் வேறு மாதிரி வரும்.

தலைமையாசிரியை போர்ஷன் முடிந்ததா என்று கேட்பார், பெற்றோர் நோட்டு ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பார்கள், பருவத்தின் நடுவே வரும் எஃப்.ஏ. தேர்வுகளும் வந்து நிற்கும். எனவே கேள்வி பதிலை ஒரேயடியாக நிறுத்திவிட முடியாது. ஐந்தில் இரண்டை வைத்துக்கொள். மீதி மூன்றின் இடத்தில் ஒரு நல்ல வேலையை வை. விடுப்புக் கடிதம் தேர்வுக்கு வரும் என்பதால் ஒருமுறை எழுதிப் பழகினால் போதும். எழுதும் வேலையை முடிந்தவரை வகுப்பிலேயே வைத்துக்கொள். போனைப் பற்றிய கவலையும் பாதி குறையும்.

ஜூலை முதல் வாரத்தில் உன் முதல் நோட்டுக் கட்டு சேர்ந்துவிடும். அந்தச் சனிக்கிழமை பள்ளி விட்டதும் கட்டோடு நேராக வீட்டுக்கு வா. சாப்பிட்டுவிட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு சேர்ந்தே படிப்போம். அதற்குள் பட்டியலை மாற்றி எழுதி எனக்கு ஒருமுறை அனுப்பு.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தை
பெங்களூரு