நியூ ஆர்லியன்ஸ் போறதுக்கு முன்னாடி

மாப்ள,

பாப்பாவுக்கு நியூ ஆர்லியன்ஸ்ல சீட் கிடைச்சிருச்சுன்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம்டா. இங்க எல்லாரும் நல்லாருக்கோம், அம்மாவுக்கு கேடராக்ட் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு, இப்ப பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் ஒண்ணு விடாம படிக்கிறாங்க.

அந்த ஊர்ல நடக்கற துப்பறியும் நாவல்ல எதை வாங்கறதுன்னு கேட்டிருந்தியே, மாத நாவலுக்கு அடிச்சுக்கிட்ட நம்ம ரெண்டு பேருக்கும் இதை விட நல்ல பேச்சு ஏது. நிறைய புக்ல அட்டையில அந்த ஊர்ப் பெரிய திருவிழாவான மார்டி கிராவோட முகமூடி ஒண்ணு, உள்ள கொஞ்சம் வூடூ மாந்திரீகம், கொஞ்சம் ஜாஸ், அதோட ஊர் முடிஞ்சிரும். நான் பாக்கறது ஒண்ணுதான், அந்தக் கொலையைத் தூக்கி சிகாகோவுல வச்சா கதை அப்படியே ஓடுமா? ஓடும்னா அந்த புக்கை வாங்காத.

முதல்ல பார்பரா ஹாம்ப்ளியோட 'எ ஃப்ரீ மேன் ஆஃப் கலர்' படி, 1997ல வந்தது, கதை நடக்கறது 1833ல. பெஞ்சமின் ஜனவரின்னு ஒரு கறுப்பர், அடிமை இல்ல, பாரிஸ்ல சர்ஜரி படிச்சவர், பொண்டாட்டி காலராவுல போயிட்டதால தாங்க முடியாம பொறந்த ஊருக்கே திரும்பி வர்றார், ஆனா எந்த வெள்ளைக்காரனும் அவர்கிட்ட வைத்தியம் பாத்துக்க மாட்டான், அதனால நடன விருந்துகள்ல பியானோ வாசிச்சுப் பிழைக்கறார். அப்படி ஒரு ராத்திரி, வெள்ளைக்காரப் பணக்காரங்க தாங்க வச்சிருக்கற கலப்பினப் பொண்ணுங்களோட வர்ற விருந்துல ஒரு பொண்ணு கொலையாகுது, பழி இவர் பக்கம் திரும்புது. தான் சுதந்திரமானவன்னு காட்ட ஒரு பேப்பரை எப்பவும் கூடவே வச்சிருக்கணும்டா, அதை ஒருத்தன் பிடுங்கிக் கிழிச்சுட்டா அடுத்து அவரை அடிமையா வித்துரலாம். இந்த நிலைமையில அவர் துப்பறியணும்! கேள்வி கேட்கணும், ஆனா நேரா கண்ணைப் பாத்து கேட்கக் கூடாது, தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி வச்சுக்கணும். நாம வளர்ந்த ஊர்ல இதைப் பாக்காதவங்களா நாம, எனக்குப் படிக்கப் படிக்க நெஞ்சு அடைச்சுது. 1803ல பிரான்ஸ்கிட்ட இருந்து அமெரிக்கா வாங்கின ஊர் அது, முப்பது வருஷம் கழிச்சும் பிரெஞ்சு பேசறவங்களும் புதுசா வந்த அமெரிக்கர்களும் முறைச்சுக்கிட்டே இருக்காங்க, நடுவுல இவர மாதிரி ஆளுங்க நசுங்கறாங்க. அந்தக் கொலையை வேற எந்த ஊருக்கும் நகர்த்த முடியாது.

அடுத்து வெள்ளம். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல்ல கரையெல்லாம் உடைஞ்சு ஊர்ல எண்பது சதவீதம் தண்ணியில கிடந்தது. தேடிப் போனவங்க வீட்டுச் சுவத்துல ஸ்ப்ரே பெயிண்ட்ல ஒரு பெருக்கல் குறி போட்டாங்க, மேல தேதி, கீழ உள்ள எத்தனை பேர் இருந்தாங்க, எத்தனை பிணம்னு. க்ளேர் டிவிட்ங்கற பொண்ணு துப்பறியற சாரா கிரானோட நாவல் (2011) இதுக்கு அப்புறம் நடக்குது, புயல் நேரத்துல காணாமப் போன ஒரு அரசு வக்கீலைத் தேடறாங்க, புயல்தான் கொண்டுபோச்சா இல்ல ஆள் யாராவது தீர்த்துட்டானான்னு எப்படிக் கண்டுபிடிப்ப? அந்தக் கேள்வியே அந்த ஊரோடதுதான். ஜேம்ஸ் லீ பர்க்கோட 'தி டின் ரூஃப் ப்ளோடவுன்' (2007) அதே வெள்ளத்தைக் கோவத்தோட எழுதினது, ரெண்டையும் படி, ஆனா பர்க்கை ராத்திரியில படிக்காத, தூக்கம் போயிரும்.

ஜூலி ஸ்மித்தோட 'நியூ ஆர்லியன்ஸ் மோர்னிங்' (காலை இல்ல, துக்கம்) 1991ல துப்பறியும் நாவலுக்குக் குடுக்கற எட்கர் விருது வாங்கினது, மார்டி கிரா ஊர்வலத்துல ராஜா வேஷத்துல வர்றவரை பால்கனியில இருந்து மாறுவேஷத்துல ஒருத்தர் சுட்டுடறாங்க. திருவிழா இல்லாம அந்தக் கதை இல்ல, அதனால இதுவும் பாஸ். மேல்தட்டுக் குடும்பத்துல பொறந்து போலீஸ்ல சேர்ந்த ஒரு பொண்ணுதான் துப்பறியறது, பாப்பாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம், அங்க போனா காபி குடிக்க மறக்காத, நம்ம ஃபில்டர் காபி மாதிரியே சிக்கரி கலந்துதான் போடறாங்க.

ஹாம்ப்ளி என்கிட்ட இருக்குடா, கொரியர்ல போடறேன், பழைய அட்ரஸ்தானே? முடிச்சதும் போன் பண்ணு, கொலைகாரன் யாருன்னு எந்தப் பக்கத்துல கண்டுபிடிச்சன்னு எனக்குத் தெரியணும்.