பேய் வீடு என்று நீங்கள் காட்டிய வீட்டைப் பற்றி

பேய் வீடுகளைத் தேடிச் சென்று நள்ளிரவில் படம்பிடித்து வெளியிடும் யூடியூப் நண்பர்களுக்கு,

வணக்கம்.

தாமிரபரணிக் கரையில் உள்ள ஓர் ஊரில், பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டுக்குள் உங்களில் சிலர் நுழைந்து எடுத்த காணொளியை என் மகனின் கைபேசியில் பார்த்தேன். ஊரின் பெயரை நீங்கள் சொல்லிவிட்டீர்கள், நான் சொல்லப்போவதில்லை. தார்சாவைத் தாண்டி, பட்டாசாலையைக் கடந்து, அடுக்களையை ஒட்டிய இருட்டறையின் முன்னால் நின்றுகொண்டு, செத்துப்போன ஒரு குழந்தையின் ஆவி அங்கே இருப்பதாக உங்களில் ஒருவர் கிசுகிசுக்கிறார். அந்த அறையை எங்கள் பக்கத்தில் அரங்கு என்போம்; நெல்லும் புளியும் பித்தளைப் பாத்திரங்களும் வைக்கிற, சன்னல் இல்லாத அறை. அந்தக் குழந்தை நான்தான். எனக்கு 47 வயதாகிறது, சாகவில்லை.

என் அம்மா அந்த வீட்டில் தூக்குப் போட்டுக்கொண்டதாகவும் சொல்கிறீர்கள். அவர் மஞ்சள்காமாலையில், மருத்துவமனைக் கட்டிலில், பகல் நேரத்தில் இறந்தார். இதைத் திருத்துவதற்காக மட்டும் என்றால் நான்கு வரி எழுதியிருப்பேன். இத்தனை நீளமாக எழுத வைத்தவர், உங்கள் காணொளியில் சாட்சி சொல்கிற எதிர்வீட்டு ஆச்சி. "ராத்திரியில பிள்ள அழுற சத்தம் கேக்கும், அந்தக் காலத்துலயே கேக்கும்" என்கிறார். நீங்கள் அதற்குக் கீழே திகில் இசையைச் சேர்த்திருக்கிறீர்கள். ஆச்சி பொய் சொல்லவில்லை. 1986-இலும் 1987-இலும் அவர் உண்மையாகவே அதைக் கேட்டார். கணக்கு வாத்தியாராக ஊரே கும்பிட்ட என் அப்பா, வாய்ப்பாடு தப்பினால் பிரம்பால் அடித்துவிட்டு என்னை அரங்குக்குள் தள்ளி வெளியே நாதாங்கியைப் போட்டுவிடுவார். சில நாள் ஒரு மணி நேரம், சில நாள் விடியும்வரை. நான் கத்தியது தெருமுனைவரை கேட்கும் என்று எனக்குத் தெரியும். தெருமுனையில் யாராவது கேட்பார்கள் என்றுதான் கத்தினேன். மறுநாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டு முறுக்கு கொடுப்பார், தலையைத் தடவுவார், முந்தின இரவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார்.

பள்ளியில் நான் மயங்கி விழத் தொடங்கியபோது ஒரு கோடாங்கியிடம் அழைத்துப்போனார்கள். அவர் உடுக்கை அடித்து, திருநீறு போட்டு, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்றார். இன்றும் அந்த மனிதர்மீது எனக்கு மரியாதை உண்டு, ஏனென்றால் அவர் சொன்னது சரி. எதைப் பார்த்து என்று கூட்டிப்போனவர்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றார். மந்திரித்த கயிற்றை என் கையில் கட்டியவரும் அப்பாதான்.

இப்படித்தான் அந்த வீட்டுக்குப் பேய் வந்தது. அப்பா 2006-இல் இறந்து வீடு பூட்டப்பட்ட பிறகு, கேட்டும் கேளாமல் இருந்த சத்தத்துக்கு ஊர் ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. பிள்ளை அழுதது என்று சொன்னால் நீங்கள் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். பேய் அழுதது என்று சொன்னால் வராது.

நம் தென்மாவட்டங்களின் பழைய வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். அநியாயமாகச் செத்தவர்களுக்கு இங்கே பீடம் எழுப்புவார்கள். கோயில் கொடைத் திருவிழா நாளில் வில்லுப்பாட்டு வைத்து, யார் செத்தார், எப்படிச் செத்தார், யாரால் செத்தார் என்று விடியவிடியப் பாடுவார்கள். பஞ்சத்தில் பிறந்த வீட்டைத் தேடி வந்த நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த கதையில், கதவடைத்த அண்ணி மூளியலங்காரியின் பெயரை இன்றுவரை யாரும் விட்டுவிடவில்லை. அந்த வழக்கத்தில் ஆவிக்கு வரலாறு உண்டு, குற்றவாளிக்குப் பெயர் உண்டு. உங்கள் காணொளிகளின் பேய்க்கு இரண்டும் இல்லை. அது அழுகிறது, கதவை ஆட்டுகிறது, உங்கள் கருவியில் சிவப்பு விளக்கை எரிய வைக்கிறது. அதற்கு என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்பதே இல்லை. பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்கு நான் வரவில்லை. உண்டு என்று நம்புகிறவர்களாவது இதைக் கேட்டிருக்க வேண்டும்.

இனி, அந்த வீட்டிலிருந்து என்னோடு வந்தவற்றைப் பற்றி. நான் இன்றும் குளியலறைத் தாழ்ப்பாளைப் போடுவதில்லை. மின்தூக்கியில் தனியாக ஏறமாட்டேன். அலுவலகத்தின் ஐந்தாவது மாடிக்குப் படியேறிப் போவதை உடற்பயிற்சி என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தேன். சாவிக்கொத்தின் சத்தம் கேட்டால் கை சில்லிட்டுப்போகும், சாவி என் கணவருடையது என்று தெரிந்தும். மூளையில் அபாயமணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, சிறுவயதில் திரும்பத் திரும்ப அச்சத்துக்கு ஆளானவர்களிடம் மிகச் சிறிய தூண்டலுக்கும் மணியடிக்கப் பழகிவிடும் என்று, என் 39-ஆம் வயதில் நான் முதன்முதலாகப் போய்ப் பார்த்த மனநல மருத்துவர் விளக்கினார். எனக்குப் பைத்தியம் இல்லை என்பதை அவர் சொல்லித்தான் நான் நம்பினேன்.

என் கதையை ஒற்றைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் சான் டியாகோவில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், சிறுவயதில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளைச் சந்தித்தவர்களிடம் மனச்சோர்வு, குடிநோய், தற்கொலை முயற்சி ஆகியவற்றின் வாய்ப்பு பல மடங்கு கூடுதலாக இருந்தது. பிற்காலத்து இதயநோயோடும் தொடர்பு தெரிந்தது. நம் நாட்டில் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மூன்றில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாகியிருந்தனர். குடும்பத்துக்குள் அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலோரை அடித்தவர்கள் பெற்றவர்களே. அத்தனை வீடுகளுக்கும் எதிர்வீடு என்று ஒன்று இருந்திருக்கும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. என் வீட்டுக் காணொளியை நீக்குங்கள். முடியாதென்றால் அம்மாவைப் பற்றிய பொய்யையாவது வெட்டுங்கள். அடுத்த ஊருக்குப் போகும்போது, பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது என்று யாராவது சொன்னால், கருவியை எடுக்கும் முன் அந்த வீட்டில் இப்போது பிள்ளை இருக்கிறதா, பக்கத்து வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். அழைப்பவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தண்டிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 75-ஆம் பிரிவு இருக்கிறது. உங்கள் காணொளிகளை நள்ளிரவில் போர்வைக்குள் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பிள்ளைகள் என்பது என் ஊகம். அந்த எண்ணை அவர்கள் பார்க்கும்படி ஓரத்தில் போட்டுவைத்தால் உங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.

ஆச்சியிடம் போய் எதுவும் கேட்க வேண்டாம். அவருக்குத் தொண்ணூறு வயதை நெருங்குகிறது. அந்தக் காலத்தில் வாத்தியார் வீட்டுக் கதவைத் தட்டும் துணிச்சல் அந்தத் தெருவில் எந்த ஆணுக்கும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அரங்குக் கதவின் உட்புறத்தில், முழங்கால் உயரத்துக்குக் கீழே தெரியும் கீறல்களை அருகில் காட்டி, பேயின் நகக்குறி, புரியாத எண்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடுக்கில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் வரும் என்பதால் அவை அவ்வளவு தாழ்வாக இருக்கின்றன. நகத்தால் கீறியதல்ல, கொண்டை ஊசியால். அது பதின்மூன்றாம் வாய்ப்பாடு. 91 வரைக்கும் சரியாக இருக்கிறது. எட்டாவது வரியில் 104 என்று வர வேண்டும், 102 என்று இருக்கிறது.

இப்படிக்கு,
அரங்குக்குள் இருந்தவள்