ஸ்னோமொபைலுக்கு ஸ்கூட்டர் பழக்கம் உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் பயணப் பக்கத்தில் ஐஸ்லாந்து பற்றி வந்த கட்டுரை நன்று. ஆனால் ஸ்கூட்டர் ஓட்டத் தெரிந்தவருக்குப் பனிக்கட்டியாற்றின் (மெல்ல நகரும் பெரும் பனிக்கட்டித் திரளின்) மேல் ஸ்னோமொபைல் என்னும் எஞ்சின் பூட்டிய பனி வண்டியை ஓட்டுவது பெரிய காரியமில்லை என்ற கருத்து அதில் இருந்தது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் கைமாறும் சுற்றுலாத் துண்டுப்பிரசுரங்களிலும் இதே பேச்சுத்தான். முன் அனுபவம் வேண்டியதில்லை என்பது உண்மை. வழிகாட்டியோடு போகும் சவாரிகள் புதியவர்களுக்கென்றே நடத்தப்படுகின்றன. ஸ்கூட்டர் பழக்கம் கைகொடுக்கும் என்பதுதான் தவறு. முதல் பத்து நிமிடத்தில் ஆளைக் கவிழ்ப்பதே அந்தப் பழக்கம்தான்.

முதலில் வலது கை. ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்கினால் வேகம் கூடும். ஸ்னோமொபைலின் கைப்பிடி முறுகாது. அதை ஒட்டியிருக்கும் சிறிய நெம்பைப் பெருவிரலால் அழுத்த வேண்டும். பயம் வந்தால் மனிதன் எதையும் இறுகப் பிடிப்பான். கை இறுகும்போது பெருவிரலும் சேர்ந்து அழுந்தும், வண்டி பாயும், பயம் கூடும், பிடி இன்னும் இறுகும். புதியவர்கள் முன்னால் நிற்கும் வண்டியில் போய் மோதுவது பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு மருந்து ஒன்றே: சந்தேகம் வந்த கணத்தில் பெருவிரலை நெம்பிலிருந்து முழுதாக எடுத்துவிடுவது. விட்டவுடனேயே வண்டி தானாக வேகம் குறையும், ஏனென்றால் பின்னால் சுழலும் இரப்பர்ப் பட்டி பனியில் பிடித்து இழுக்கும். பிரேக் இடது கையில் இருக்கிறது. அதை மெல்லத் தொட்டால் போதும்.

புறப்படும்போது இன்னொரு சிக்கல். கியர் கிடையாது, கிளட்ச் தானாகவே பிடிக்கும். ஆனால் நெம்பை அழுத்திய உடனே வண்டி நகராது. முதலில் எஞ்சின் சத்தம் ஏறும், ஒரு கட்டத்தில்தான் கிளட்ச் பிடித்து வண்டி அசையும். நகரவில்லையே என்று அவசரப்பட்டு மேலும் அழுத்துபவர் அந்தக் கட்டத்தில் தூக்கி எறியப்பட்டது போலப் பாய்வார். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திக் காத்திருந்தால் குலுக்கலே இராது.

அடுத்தது கால். இதைத்தான் மிக அழுத்திச் சொல்ல வேண்டும். இரு சக்கர வண்டி சாய்ந்தால் காலை ஊன்றுவது நம்மவர்களுக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். இருவர் அமரும் ஸ்னோமொபைலின் எடை 250 கிலோவுக்கு மேல். அதைக் காலால் தாங்க முடியாது. ஊன்றிய கால் பனியில் புதையும், வண்டி முன்னே போகும், முழங்கால் முறுகும், அல்லது கால் வண்டிக்கு அடியில் சிக்கும். பாதங்கள் இரண்டும் கடைசிவரை மிதிபலகையிலேயே இருக்க வேண்டும். சரிவில் குறுக்காகப் போகும்போது வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தால், ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து மேட்டுப் பக்கம் உடலைச் சரிக்க வேண்டும். ஒருவர் சரிந்து மற்றவர் விறைத்து உட்கார்ந்தால் பயனில்லை. அப்படியும் கவிழ்ந்தால் கவிழட்டும் என்று விட்டுவிட்டு மேட்டுப் பக்கம் இறங்குவதே நல்லது. மெதுவாகப் போகும் வண்டி பனியில் கவிழ்ந்தால் ஆளுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

வளைவிலும் வேறுபாடு உண்டு. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு ஸ்கீ பலகைகள் இருக்கின்றன. முன்னே போன வண்டிகளின் தடத்தில் அவை தாமாகவே போய் விழும், கைப்பிடி இழுக்கும். இழுக்கும்போது முரட்டுப் பிடி பிடிக்காமல் சிறிது விட்டுக்கொடுத்துத் திருத்தினால் போதும். இறுகிய ஐஸில் ஸ்கீ வழுக்கும், திருப்பியும் திரும்பாது. அங்கே வேகத்தைக் குறைத்து, திரும்பும் பக்கம் உடலைச் சரிக்க வேண்டும்.

ஓட்டுபவரின் மேலங்கியில் மாட்டும் பாதுகாப்பு வடம் ஒன்று உண்டு. ஆள் விழுந்தால் வடம் கழன்று எஞ்சின் நின்றுவிடும். இடைஞ்சலாக இருக்கிறதென்று மாட்டாமல் விடுபவர்கள் இருக்கிறார்கள். சால்வை, துப்பட்டா, தொங்கும் மப்ளர் எதுவும் வெளியே தெரியக் கூடாது. சுழலும் பட்டியில் சிக்கினால் விளைவைச் சொல்லத் தேவையில்லை.

இவையெல்லாம் எந்தப் பனித்தரைக்கும் பொருந்தும். பனிக்கட்டியாறு என்றால் அதற்கு மேலும் ஒரு விதி: வழிகாட்டியின் தடத்தை விட்டு விலகக் கூடாது, அவர் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கவும் கூடாது. பனிக்கட்டியாறு நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் விழுகின்றன. புதுப்பனி அவற்றின் வாயை மூடிவிட்டால் மேலே பார்ப்பவருக்குச் சமதரையாகவே தெரியும். வண்டியின் எடை அகன்ற பட்டியில் பரவுவதால் பனியில் அழுத்தம் குறைவு. நிற்கும் மனிதனின் பாதம் தரும் அழுத்தம் அதைவிடப் பல மடங்கு. வண்டி தாண்டிப்போன இடத்தில் படம் எடுக்க இறங்கியவர் உள்ளே போகக்கூடும். வரிசை ஒற்றை வரிசைதான். வழிகாட்டி கையை உயர்த்தினால் முன் வண்டிக்குப் பின்னால் இடைவெளி விட்டு நிற்க வேண்டும், பக்கத்தில் போய் நிற்கக் கூடாது. பட்டி புதைந்துவிட்டால் நெம்பை அழுத்தி வெளியேற முயலாதீர்கள், குழிதான் ஆழமாகும். கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்திருங்கள்.

கோடைக் கடைசியில் பனி உருகி வெறும் ஐஸ் தெரியும்போது பாதையே மாறும். பட்டி வாரி இறைக்கும் பனிதான் பல வண்டிகளின் எஞ்சினைக் குளிரவைக்கிறது. பனி குறைந்தால் எஞ்சின் சூடேறும். அந்தப் பருவத்தில் வழிகாட்டி அடிக்கடி நிறுத்தினால் காசுக்கு ஏமாற்றுகிறார் என்று முணுமுணுக்க வேண்டாம்.

குளிர் நமக்குப் புதிதா என்று மலையகத்தார் கேட்பது இயல்பு. ஐஸ்லாந்தின் இரண்டாவது பெரிய பனிக்கட்டியாறான லாங்யோக்குல்லின் உச்சியே ஏறத்தாழ 1,450 மீற்றர்தான், நுவரெலியா நகரமோ 1,868 மீற்றர். ஆகவே அங்கே உயரத்தால் மூச்சு முட்டாது. ஆனால் தை மாதம் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் நம் உறைபனி காற்றில்லாத விடிகாலைக்கு உரியது, வெயில் வந்தால் போய்விடும். அங்கே காற்றே அடிக்காத நாளிலும் மணிக்கு 40 கிலோமீற்றரில் போகும் வண்டி தானே காற்றை உண்டாக்கும். வெப்பநிலை மறை 5 பாகை என்றால் முகத்துக்கு அது மறை 14 போல உறைக்கும். மேலுடை, ஹெல்மட், கையுறை ஆகியவற்றைப் பெரும்பாலான நிறுவனங்களே தரும். உள்ளே போடுவது உங்கள் பொறுப்பு. ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது. மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஸ்வெட்டர், கம்பளிக் காலுறை இரண்டு சோடி போதும். நுவரெலியாக் கடைகளில் தொங்கும் தடித்த ஜக்கெட்டுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை, மேலுடைக்குள் அது அடங்காது. கைத்தொலைபேசியை உட்பையில் வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில. ஓட்டுபவரிடம் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் கேட்பார்கள், பழகுநர் பத்திரம் எடுபடாது. மோட்டார் சைக்கிளுக்கோ முச்சக்கரவண்டிக்கோ மட்டும் அனுமதி பெற்றவர்கள் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து நிறுவனத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளட்டும். முகவரின் வாய்ப்பேச்சு பனிமேட்டில் செல்லாது. பின்னால் அமர்பவருக்குப் பத்திரம் தேவையில்லை. விலை பொதுவாக இருவர் ஒரு வண்டியில் போகும் கணக்கு, தனியாக ஓட்ட மேலதிகக் கட்டணம் உண்டு. சிறுவர்களுக்கான வயதெல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கர்ப்பிணிகளும் முதுகுத்தண்டு நோயுள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும்.

வானிலையை முகவரிடம் கேட்காதீர்கள். ஐஸ்லாந்து வானிலை அலுவலகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கிறது, அது ஆங்கிலத்திலும் கிடைக்கும். காற்று வேகத்தை அங்கே செக்கனுக்கு மீற்றரில் சொல்வார்கள். 15 என்றால் மணிக்கு 54 கிலோமீற்றர். 2020 ஜனவரியில் எச்சரிக்கை இருந்தும் புறப்பட்ட ஒரு குழு லாங்யோக்குல் அருகே பனிப்புயலில் மாட்டி, 39 பயணிகளை இரவோடு இரவாக மீட்க வேண்டியதாயிற்று. நிறுவனம் சவாரியை இரத்துச் செய்தால் கோபப்படாமல் இருக்க, அந்தச் சவாரியைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள்.

ஐஸ்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கென்று எடுக்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்புறுதி இதற்கும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எஞ்சின் பூட்டிய பனி வண்டிகளை விலக்கும் வாசகம் பல காப்புறுதிகளின் சிறிய எழுத்தில் இருக்கும். வண்டிக்கு ஏற்படும் சேதம் வேறு கணக்கு: புறப்படுமுன் கையெழுத்து வாங்கும் தாளில், எந்தத் தொகைவரை ஓட்டுபவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். அந்தத் தாளின் பிரதியைக் கொழும்பில் பணம் கட்டுமுன்பே மின்னஞ்சலில் கேட்டு வாங்கலாம்.

இப்படிக்கு,
வெளிநாட்டுப் பயண வழிகாட்டி,
பண்டாரவளை.