தமிழ்ப் படிவங்களை யூனிகோடிலும் திறந்த கோப்பு வடிவிலும் வெளியிடக் கோரும் மனு (நான்காவது முறை)

அனுப்புநர்:
கணினி உதவித் தொண்டூழியர்கள்,
தேக்கா வட்டாரம், சிங்கப்பூர்.

பெறுநர்:
பொறுப்பு அதிகாரி அவர்கள்,
பொதுமக்கள் படிவங்கள் பிரிவு.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே கோரிக்கையை மூன்று முறை மின்னஞ்சலில் அனுப்பினோம். மூன்றுக்கும் ‘பெற்றுக்கொண்டோம்’ என்ற தானியங்கிப் பதில்தான் வந்தது. தேக்கா சந்தையை ஒட்டிய பழைய அடுக்குமாடி புளோக்குகளைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். அங்கே தனியாக வசிக்கும் தமிழ் மூத்தோரைப் பற்றியும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் அவர்கள் பயன்படுத்தும் கணினிகள் பழையவை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இவற்றில் இல்லை. அதனால் இப்போது லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளமும் லிபர் ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் ஓடுகின்றன. வேறு எதிலும் சிக்கல் இல்லை, தங்கள் அலுவலகத்தின் தமிழ் உதவி விண்ணப்பப் படிவத்தைத் தவிர.

1. முதலில் படிவம் வேர்டு கோப்பாக வந்தது. லிபர் ஆபீஸ் அதைத் திறக்கும். கட்டங்கள் கொஞ்சம் நகரும், கையொப்பக் கோடு அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

2. பொறுக்க முடியாதது எழுத்துரு. அந்தப் படிவத்தில் இருப்பது பாமினி என்ற பழைய எழுத்துரு. பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை; ஆங்கில எழுத்தைச் சேமித்து, அதன்மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. ‘தமிழ்’ என்ற சொல் கோப்புக்குள் ‘ஜே, கே, பி, ஓ, செமிகோலன்’ என்றுதான் கிடக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகி வெறும் ஆங்கிலக் கிறுக்கல் தெரியும். பாமினியை நிறுவிக்கொள்ளலாமே என்பீர்கள். நிறுவினால் கண் தெரிபவருக்குத் தீரும். பார்வை மங்கியவருக்கு? அவர்களுக்காக, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஓர்க்கா என்ற திரைவாசிப்பானும் ஈஸ்பீக் என்ஜி என்ற குரல் மென்பொருளும் இருக்கின்றன. இரண்டும் இலவசம், இரண்டும் கட்டற்றவை (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்), தமிழும் படிக்கும். தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு தரும் உலகப் பொதுமுறையான யூனிகோடில் ‘பெயர்’ என்றிருந்தால் ‘பெயர்’ என்று சொல்லும். அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தில் அது சொல்வது ‘என், ஜி, ஏ, யு, செமிகோலன்’. தன் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே தெரியாமல் ஒரு மூத்த குடிமகன் காதொலிக்கருவியைக் கழற்றி வைக்கிறார். இது நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றில் வந்த படிவம், ஐயா!

3. இரண்டாவது மின்னஞ்சலுக்குப் பிறகு படிவம் மாறியது. அச்சிட்டு, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றியிருந்தார்கள். அதில் எழுத்தே இல்லை, எழுத்தின் படம்தான் இருக்கிறது. திரைவாசிப்பான் இப்போது ‘என், ஜி’கூடச் சொல்வதில்லை, வாய் மூடி நிற்கிறது. இதைத் தீர்வு என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

4. செய்ய வேண்டியது ஓர் எழுத்தரின் ஒரு நாள் வேலை. எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது, குறியீட்டையே மாற்ற வேண்டும். இரண்டு இடங்களில் தவறும். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் சேமிக்கப்படுகிறது, யூனிகோடில் பின்னால் வரும். எனவே கெ, கே, கை, கொ, கோ, கௌ வரும் சொற்களை மாற்றியபின் கண்ணால் சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் புள்ளிவட்டத்தோடு கொம்பு தனியே தொங்கும். இன்னொன்று: மொத்தக் கோப்பையும் ஒரே வீச்சில் மாற்றினால் ஆங்கிலத்தில் உள்ள மின்னஞ்சல் முகவரியும் சாலைப் பெயரும் தமிழ்க் குழப்பமாகிவிடும். தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவு செய்து மாற்றுங்கள். பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற கட்டற்ற எழுத்துருவைப் போட்டு, லிபர் ஆபீஸில் கோப்பின் பண்புகளில் எழுத்துருவை உட்பொதிக்கும் தெரிவை இயக்கிச் சேமியுங்கள். நிரப்புவதற்கு ஓடிடி (.odt) என்ற திறந்த கோப்பு வடிவம், படிப்பதற்கு வலைப்பக்கம் அல்லது நீண்டகாலம் காக்க ஏற்ற பிடிஎஃப்/ஏ. ஏற்றுமதியில், தலைப்பு எது, பத்தி எது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ‘டேக்டு பிடிஎஃப்’ குறியை மறந்துவிடாதீர்கள்.

5. கட்டற்ற மென்பொருள் என்றதும் இது அரசியல் என்று தயங்க வேண்டாம். பிரிட்டனில் 2014-இல் கன்சர்வேட்டிவ் தலைமையிலான அரசாங்கம்தான் திருத்தும் கோப்புகளுக்கு ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்தை (ஓடிடி இதில் ஒரு வகை) தரநிலையாக வகுத்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் கிறிஸ்துவ ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் சேர்ந்த அரசாங்கம் 2024-இல் சுமார் 30,000 கணினிகளை லிபர் ஆபீஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. கேரளப் பள்ளிகளில் லினக்ஸை வளர்த்ததில் இடதுசாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. வலம், இடம் எல்லோரும் ஆதரித்த விஷயம் இது. ஆனால் கட்சியின் ஆதரவு மட்டும் போதாது என்பதையும் மியூனிக் காட்டிவிட்டது: சமூக ஜனநாயகக் கட்சி மேயரின் காலத்தில் லினக்ஸுக்கு மாறிய நகரம், மேயர் மாறிய பிறகு 2017-இல் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. மென்பொருள் வரும், போகும். கோப்பு வடிவம் விதியில் எழுதப்பட்டிருந்தால் மக்களின் ஆவணம் தப்பிக்கும். அதனால்தான் நாங்கள் தங்கள் அலுவலகத்து மென்பொருளை மாற்றச் சொல்லவில்லை. தாங்கள் வேர்டிலேயே தட்டச்சு செய்யுங்கள், வேர்டும் ஓடிடியில் சேமிக்கும்.

6. நம் அரசாங்கத்துக்கு இது புதிதும் அல்ல. 2020-இல் கோவிட் தொடர்பறியும் செயலியான டிரேஸ்டுகெதரின் அடிப்படை நிரலை ஓபன்டிரேஸ் என்று, ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். அரசாங்கத்தின் இணையப் படிவச் சேவையான ஃபார்ம்எஸ்ஜியின் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. கணினித் தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட ஊர் இது. உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமான உத்தமம் அமைப்பு 2000-இல் தொடங்கப்பட்டதும் இங்கேதான். யூனிகோடில் 1991 முதல் தமிழ் இருக்கிறது. இன்னும் பாமினியா?

மறுபடியும் கேட்கிறோம். முதலில் அந்த ஒரே ஒரு உதவி விண்ணப்பத்தை மாற்றுங்கள், மற்றவை பிறகு ஆகட்டும். மாற்றிய மாதிரிக் கோப்பை இந்த மனுவோடு இணைத்திருக்கிறோம். தயவுசெய்து திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானில் தாங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பழைய படிவத்தையும் கேளுங்கள். பிறகு தானியங்கிப் பதில் அல்லாமல், கைப்பட ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தேக்கா வட்டாரத் தொண்டூழியர்கள்